காலண்டருக்குப் பின்னால் ஒரு வேட்டைக்காரி: வேட்டைச் சிலந்திகளைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

போகிக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் வீட்டில் ஒட்டடைக் குச்சியைக் கையில் எடுப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பழைய ஓட்டு வீடு அது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றினேன். அதன் பின்னால் உள்ளங்கை அளவு சிலந்தி ஒன்று, சுவரில் வரைந்துவைத்தது போல ஒட்டிக்கிடந்தது. வயிற்றுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெண்ணிறத் தட்டு ஒன்றை அணைத்துப் பிடித்திருந்தது. நான் விளக்கை அருகே கொண்டுபோனேன். அது ஓடவில்லை. அந்தத் தட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு உடலைச் சுவரோடு மேலும் தாழ்த்தியது. அது முட்டைப்பை என்று அப்போது எனக்குத் தெரியாது. காலண்டரை எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இந்தச் சிலந்திகளைப் பின்தொடர்ந்து வருகிறேன். நம் ஊர்களில் போகிக்கு முன் ஆயிரக்கணக்கான வீடுகளில் இவை துடைப்பத்தால் அடிபட்டுச் சாகின்றன. ஒட்டடைக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கூரை மூலையில் ஒட்டடை கட்டுபவை நூல்போல் மெலிந்த கால்களைக் கொண்ட வேறு சிலந்திகள். வேட்டைச் சிலந்திகளோ இரை பிடிக்க வலையே பின்னுவதில்லை. திருவானைக்காவில் இறைவனுக்கு வலைப்பந்தல் போட்ட சிலந்தியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குச் சிலந்தி என்றாலே வலைதான் நினைவுக்கு வரும். வலையில்லாத சிலந்தியை நாம் சிலந்தியாகவே எண்ணிப் பார்த்ததில்லை. 'எட்டுக்கால் பூச்சி' என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் தொடங்கி, இந்தக் குடும்பம் ஆசியா முழுக்க எப்படிப் பரவியிருக்கிறது என்பதுவரை தாங்களே கண்டுகொள்வதற்காக இதை எழுதுகிறேன். பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம், கைப்பேசி, முடிந்தால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும்.

முதல் படி: வேட்டைச் சிலந்திதானா என்று உறுதி செய்தல்

முதலில் கால்களைப் பாருங்கள். பெரும்பாலான சிலந்திகளுக்குக் கால்கள் மேலே எழும்பி, வளைந்து, கீழே ஊன்றும். வேட்டைச் சிலந்தியின் கால்கள் அடியிலிருந்தே சற்று முறுக்கிக்கொண்டு, நண்டுக்கு இருப்பது போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். இதனால்தான் அது சுவரோடு சுவராகப் படுக்க முடிகிறது. கதவிடுக்கு, ஓட்டின் இடைவெளி, உரிந்த மரப்பட்டை, காலண்டருக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் ஒரு விரற்கடை இடம் என எதற்குள்ளும் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு நுழைந்துவிடும். அது முன்னோக்கி ஓடுவதைவிடப் பக்கவாட்டில் ஓடுவதைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள்.

அடுத்து கண்கள். எட்டுக் கண்களும் நாலு நாலாக இரண்டு வரிசையில் இருக்கும். இதற்குக் கைலென்ஸ் வேண்டும், அல்லது முகத்துக்கு நேராக எடுத்த தெளிவான படம் வேண்டும். சுவரில் காணப்படும் இன்னொரு தட்டைச் சிலந்தியான செலினாப்ஸ் வகையிலிருந்து இதைப் பிரித்தறிய இந்தக் கண் வரிசைதான் உதவும். செலினாப்ஸுக்கு முன்வரிசையிலேயே ஆறு கண்கள் இருக்கும். அது அளவிலும் சிறியது. தொட்டால் இருந்த இடத்தில் சட்டென்று திரும்பி மறைந்துவிடும்.

மூன்றாவது அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. காலின் கடைசி இரண்டு கணுக்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டில், மேற்புறத்தில் மூன்று மடலாகப் பிரிந்த மென்மையான சவ்வு ஒன்று உண்டு. அந்தச் சவ்வு இருப்பதால் கால்நுனியை மேல்நோக்கி வளைக்க முடிகிறது. கால்நுனியில் அடர்ந்த மயிர்க்கற்றைகளும் இருக்கின்றன. பளபளப்பான டைல்ஸ் சுவரில் இது சறுக்காமல் ஏறுவதற்கு அந்த மயிர்க்கற்றைகளே காரணம். செத்துப்போன ஒன்று ஜன்னல் ஓரத்தில் கிடைத்தால் தூக்கி எறியாமல் கைலென்ஸ் வைத்து இந்த மூட்டைப் பாருங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

மற்றவற்றோடு குழம்பாமல் இருக்கச் சில குறிப்புகள் சொல்கிறேன். புல்தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்திகளுக்கு முன்னால் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள் இருக்கும். அவை முட்டைப்பையை உருண்டையாக வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு போகும், குஞ்சுகளை முதுகில் சுமக்கும். வேம்பு, மா போன்ற மரங்களின் அடிமரத்தில் பட்டையின் நிறத்திலேயே தலைகீழாக ஒட்டியிருக்கும் ஒன்றுக்குப் பின்னால் இரட்டை வால் போல நீண்டிருந்தால் அது ஹெர்சிலியா. அந்த வால்கள் நூல் சுரக்கும் உறுப்புகள். வேட்டைச் சிலந்தியிடம் இவை எதுவும் இராது. அதன் தாய் முட்டைப்பையைத் தட்டாக, வயிற்றுக்கு அடியில், வாயருகே இருக்கும் உணர்கால்களாலும் தாடையாலும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுவரில் அசையாமல் தொங்கும் 'செத்த சிலந்தி' பல நேரம் சிலந்தியே இல்லை, அது கழற்றிப் போட்ட சட்டை. தோல் உரிக்கும்போது தலைமார்பின் மேல்மூடி டப்பா மூடியைப் போலத் திறந்துகொள்ளும். அந்த வழியாக எட்டுக் கால்களையும் உருவிக்கொண்டு சிலந்தி வெளியே வரும். மூடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அதன் சொந்தக்காரர் இன்னும் கொஞ்சம் பெரிதாகி வீட்டுக்குள் எங்கோ நலமாக இருக்கிறார் என்று பொருள்.

இரண்டாம் படி: உங்கள் வீட்டில் இருப்பது யார்?

நம் வட்டாரத்தில் வீட்டுக்குள் நீங்கள் காணும் பெரிய வேட்டைச் சிலந்தி ஏறக்குறைய எப்போதும் ஹெட்டரோபோடா வெனட்டோரியாவாகத்தான் இருக்கும். கார்ல் லின்னேயஸ் 1767இல் பெயரிட்ட சிலந்தி இது. 'வெனட்டோரியா' என்ற சொல்லிலேயே வேட்டை இருக்கிறது.

பெண்ணின் உடல் மட்டும் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை இருக்கும். கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர். பழுப்பு நிறம். முகத்தில் கண்களுக்குக் கீழே வெளிறிய மஞ்சள் பட்டை ஒன்று மீசை போல ஓடும். தலைமார்பின் பின்விளிம்பிலும் வெளிர்நிற ஓரம் இருக்கும். கால்களில் கரும்புள்ளிகளும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முளைத்த ஒரு முள்மயிரும் காணலாம். ஆணின் உடல் மெலிந்தது, கால்கள் நீளமானவை, மேலே கருத்த வடிவங்கள் இன்னும் அழுத்தமாகத் தெரியும். முகத்தருகே இருக்கும் உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போல உப்பியிருந்தால் அது வளர்ந்த ஆண். இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

உணவு என்று பார்த்தால் கரப்பான், சிள்வண்டு, அந்துப்பூச்சி. வாய்ப்புக் கிடைத்தால் சின்னப் பல்லியையும் பிடிக்கும். பெரிய பல்லி இதைப் பிடிக்கும். இதற்கு மிகக் கொடிய பகைவர் ஒரு குளவி. சிலந்திக் குளவி கொட்டினால் சிலந்தி சாகாது, முடங்கிப்போகும். அதை இழுத்துக்கொண்டுபோய் வளைக்குள் வைத்து அதன்மேல் ஒரு முட்டையிடும். பொரிந்து வரும் புழுவுக்கு உயிருள்ள உணவு. கடலூரில் எங்கள் பின்கட்டுத் தளத்தில் ஒரு குளவி தன்னைவிடப் பெரிய வேட்டைச் சிலந்தியைக் காலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துச் செல்வதை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். படியில் ஏற முடியாமல் மூன்று முறை கீழே விழுந்தது. நான்காவது முறை சுற்றுவழியாகக் கழிவுநீர்க் குழாய் ஓரமாக ஏறிப் போய்விட்டது.

இந்த ஒரு சிற்றினத்தின் பயணம்தான் எனக்குத் தீராத வியப்பு. வெப்பமண்டல ஆசியாவைச் சேர்ந்த இது இன்று ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், கரீபியத் தீவுகள், பசிபிக் தீவுகள் என்று பூமத்தியரேகைக்கு இருபுறமும் வெப்பமான கரைகளெங்கும் வாழ்கிறது. மனிதன் கப்பலில் ஏற்றிய சரக்கோடு சரக்காகப் போய் இறங்கியது. வாழைத்தாரின் இடுக்குகள் இதற்கு மிகவும் பிடித்த இடம் என்பதால் வெளிநாடுகளில் 'வாழைச் சிலந்தி' என்றே ஒரு பெயரும் உண்டு. தட்டையான உடல், இடுக்கில் அசையாமல் நாட்கணக்கில் காத்திருக்கும் பொறுமை, ஒரே பையில் நானூறு வரை முட்டைகள்: கடல் கடக்க இவை போதும். அரிக்கமேட்டிலிருந்து ரோமானிய வணிகம் நடந்த கரை நம்முடையது. கடலூர் முதுநகரில் துறைமுகம் இருக்கிறது. அங்கே மரச்சரக்குக் கிடங்குகளின் பக்கம் போகும்போதெல்லாம், எத்தனை மூட்டைகளின் மடிப்பில் இந்தத் தாய்கள் தங்கள் வெண்தட்டோடு ஏறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் படி: பயத்தைத் தீர்த்துக்கொண்டு கையாளுதல்

'எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும்', 'அதன் சிறுநீர் பட்டால் அக்கி வரும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இந்த நம்பிக்கையை விளக்கமாகப் பேசியே ஆகவேண்டும். ஏனென்றால் இதனால் சிலந்திகள் மட்டுமல்ல, மனிதர்களும் துன்பப்படுகிறார்கள்.

மழைக்காலத்தில், குறிப்பாக நெல்வயல் ஓரமுள்ள வீடுகளில், காலையில் எழும்போது கழுத்திலோ கையிலோ கோடு கிழித்தாற்போல எரிச்சலும் கொப்புளமும் வருவதுண்டு. பல நேரங்களில் இதற்குக் காரணம் பெடரஸ் என்ற சிறு வண்டு. எறும்பு அளவு, ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறி வரும் உடல். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். இது கடிப்பதில்லை. நம்மையறியாமல் தோலில் தேய்த்து நசுக்கிவிட்டால் அதன் உடல்நீரில் உள்ள பெடரின் என்னும் நச்சு தோலைப் புண்ணாக்கும். மேலே ஏறினால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அக்கி என்பது வேறு. சிறுவயதில் அம்மை போட்ட வைரஸ் உடலுக்குள் பதுங்கியிருந்து பின்னாளில் நரம்பு வழியே வெளிப்படுவது அது. காவி எழுதிக்கொள்வது ஊர் வழக்கம். அதைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கொப்புளம் தோன்றிய மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை நன்றாக வேலை செய்யும். தாமதித்தால் மாதக்கணக்கில் நரம்புவலி தங்கிவிடலாம். என் உறவினர் ஒருவர் சிலந்தியைப் பழித்துக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்திவிட்டு அந்த வலியோடு நெடுநாள் இருந்தார். கண்ணருகே வந்தால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது.

வேட்டைச் சிலந்தி கடிக்கவே கடிக்காது என்று சொல்ல மாட்டேன். கையில் பிடித்து அழுத்தினால், முட்டைப்பையோடு இருக்கும் தாயைச் சீண்டினால் கடிக்கும். வலிக்கும், கடித்த இடம் சற்று வீங்கும், பிறகு அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்து தரும் நஞ்சு இதனிடம் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்கள், மூச்சுத் திணறலோ உடலெங்கும் தடிப்போ வந்தவர்கள் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தேனீ கொட்டினாலும் இதே எச்சரிக்கைதான்.

வீட்டிலிருந்து வெளியே விட விரும்பினால் முறை எளிது. வாய் அகன்ற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கெட்டியான திருமண அழைப்பிதழ் அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைச் சிலந்தியின் மேல் மெதுவாகக் கவிழ்த்துச் சுவரோடு வையுங்கள். வேகமாகக் கொண்டுபோனால் காற்று அசைவை உணர்ந்து ஓடிவிடும். பிறகு அட்டையைச் சுவரையொட்டி உள்ளே தள்ளுங்கள். கால்கள் விளிம்பில் மாட்டுகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளவேண்டும். மாட்டிய காலை இது கழற்றிவிட்டு ஓடிவிடும். இளையதாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் மீண்டும் வளரும், வளர்ந்து முடிந்ததற்கு வளராது. முட்டைப்பையோடு இருக்கும் தாயை மட்டும் விட்டுவிடுங்கள். சில வாரங்கள்தான். குஞ்சுகள் தாமாகவே கலைந்து வெளியேறிவிடும்.

நான்காம் படி: வீட்டை விட்டு வெளியே தேடுதல்

வீட்டுச் சிலந்தியைத் தெரிந்துகொண்டால் குடும்பத்தில் ஒருவரைத் தெரிந்துகொண்டதாகத்தான் கணக்கு. மற்றவர்களைப் பார்க்க இரவில் வெளியே போகவேண்டும்.

இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். டார்ச்சைக் கையில் தாழ்வாகப் பிடித்தால் பயனில்லை. நெற்றியில் கட்டும் விளக்கு நல்லது. இல்லாவிட்டால் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னப் பொறியோரம் வைத்துப் பிடியுங்கள். சிலந்தியின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஒளி வந்த பாதையிலேயே திரும்பும் என்பதால் விளக்கு உங்கள் கண்ணருகே இருந்தால்தான் அந்த மினுக்கம் தெரியும். புல்தரையில் பனித்துளி போல மின்னுபவை பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்திகள். மரத்தண்டிலும் இலையிலும் சுவரிலும் மின்னுபவற்றை அருகில் போய்ப் பாருங்கள்.

காலில் கட்டாயம் மூடிய ஷூ வேண்டும். இந்த வட்டாரத்தில் இரவில் கட்டுவிரியன் நடமாடும், சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும். சிலந்தியை நினைத்துப் பயப்படுபவர்கள் செருப்பில்லாமல் தோப்புக்குள் நடப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தனியாகப் போகாதீர்கள்.

எங்கே போவது? வாழைத் தோட்டத்தில் தொடங்குங்கள். தண்டிலிருந்து தொங்கும் காய்ந்த சருகுமட்டைகளுக்கும் தண்டுக்கும் நடுவே ஒளியைப் பாய்ச்சுங்கள். மட்டையைப் பிய்க்காதீர்கள், அது ஒருவருடைய வீட்டுக் கதவு. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பட்டை வெடிப்புகளையும் இலைகளையும் பாருங்கள். இரண்டு மூன்று இலைகளை நூலால் சேர்த்துக் கட்டிய உறை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். ஓலியோஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பெண்கள் இப்படி இலைக்கூடு கட்டி உள்ளே முட்டையோடு தங்கும். வலை பின்னுவதில்லை என்று மேலே சொன்னேனே, இரை பிடிக்கத்தான் பின்னுவதில்லை. வீடு கட்டவும் முட்டையைப் பொதியவும் நூல் உண்டு. ஓலியோஸ் வகையினர் வீட்டுச் சிலந்தியைவிடச் சிறியவர்கள். வெளிர் மஞ்சள், பசுமை, செம்பழுப்பு என்று பல நிறங்களில் இருப்பார்கள்.

சவுக்குத் தோப்புகளில் நான் அதிகம் கண்டதில்லை. ஒரே மரம், ஒரே வயது, அடியில் ஊசிச்சருகு மட்டும். அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

என் மனம் நிற்பது கோயில்காடுகளில்தான். சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு இருந்தது. வீரை, காயா, பாலை என்று குட்டையாக, நெருக்கமாக, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் காடு. இன்று அதன் எச்சங்கள் பெரும்பாலும் அய்யனார் கோயில்களையொட்டியே பிழைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டுக் கோயில்காடு நல்ல எடுத்துக்காட்டு. ஆரோவில்லில் வெறும் செம்மண் மேட்டில் இதே மரங்களைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள். பழைய காட்டில் இருக்கும் சிலந்திகள் வளர்த்த காட்டுக்கும் வந்துவிட்டனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. கோயில்காட்டுக்குள் போகுமுன் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். பிச்சாவரம் போன்ற காப்புக்காடுகளுக்குள் ஆய்வுக்காகப் போகவோ எதையும் சேகரிக்கவோ வனத்துறை அனுமதி வேண்டும்.

ஐந்தாம் படி: குறிப்பு எடுத்தல்

முதல் ஆண்டு நான் எடுத்த படங்கள் ஏராளம். கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்து வைத்திருந்தேன், நோட்டிலும் எழுதவில்லை. ஒரு படத்தில் மிக அழகான பச்சை நிற ஓலியோஸ் இருக்கிறது. அது முந்திரித் தோப்பா, ஆரோவில்லா, எங்கள் தெருவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடம் தெரியாத சிலந்திப் படம் முகவரி இல்லாத கடிதம்தான். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், ஊர், அது இருந்த பரப்பு, தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். 'மரம்' என்று எழுதாமல் 'பாலை மரத்தண்டு, வடக்குப் பக்கம், இடுப்புயரம்' என்று எழுதுங்கள். மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக்குள் காணும் எண்ணிக்கை கூடுவதைப் பல ஆண்டுக் குறிப்புகளிலிருந்து கண்டுகொண்டேன்.

படத்துக்கு நான்கு கோணங்கள்: நேர் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிவயிறு தெரிய ஒன்று. அடிவயிற்றைப் படமெடுக்கத் தொடத் தேவையில்லை, கண்ணாடி ஜன்னலிலோ டப்பாவிலோ இருக்கும்போது மறுபக்கமிருந்து எடுக்கலாம். ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

ஆறாம் படி: ஆசிய வரைபடத்தில் வைத்துப் பார்த்தல்

இப்போது நோட்டை மூடிவிட்டு ஆசிய வரைபடத்தை விரியுங்கள். உலகில் பெயரிடப்பட்ட சிலந்திகள் 50,000க்கும் மேல். அவற்றில் வேட்டைச் சிலந்திகளின் குடும்பமான ஸ்பாராசிடேயில் மட்டும் 1,400க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. நம் சமையலறைச் சிலந்தி உலகைச் சுற்றியது என்பதால் எல்லாமே அப்படி என்று நினைத்துவிடக்கூடாது. இந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி ஒரு மலை, ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குகை என்று தங்கிவிட்டவை. பரவலைப் புரிந்துகொள்ளும் சாவி இதுதான்.

இமயமலையிலிருந்து தென்சீனம், தென்கிழக்கு ஆசியா வரை சூடோபோடா என்ற பேரினம் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். ஈரமான மலைக்காடுகளின் தரைச்சருகில் வாழ்பவை. பள்ளத்தாக்கின் வெப்பத்தைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக முடியாமல், ஒவ்வொரு மலையிலும் தனித்தனியாக மாறிப்போனவை இவற்றில் நிறைய. கிழக்காசியாவின் சினோபோடாவிலும் 100க்கு மேல் உண்டு. அவற்றில் பல குகைவாசிகள். லாவோஸ் குகை ஒன்றிலிருந்து 2012இல் விவரிக்கப்பட்ட சினோபோடா ஸ்குரியனுக்குக் கண்களே இல்லை. இருட்டில் தேவையற்றுப்போன கண்கள் படிப்படியாகக் குறைவதை அதன் உறவினங்களில் வரிசையாகவே காணலாம். அதே லாவோஸில்தான் குடும்பத்தின் பேருருவமும் இருக்கிறது. ஹெட்டரோபோடா மாக்சிமா 2001இல் விவரிக்கப்பட்டது, கால்களை விரித்தால் 30 சென்டிமீட்டர் வரை. நாம் சாப்பிடும் தட்டின் அகலம். அதற்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் செங்கன்பர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் யேகர். மேலே சொன்ன சூடோபோடா, சினோபோடா ஆகிய பேரினங்களையும் நிறுவியவர் அவரே.

மேற்கே போனால் காட்சி மாறிவிடும். காடு தீர்ந்து பாறையும் மணலும் வரும். அங்கே யூஸ்பாராசஸ் வகையினர் பாறைகளில் பட்டுநூல் உறை கட்டிப் பகல் வெயிலைக் கழிக்கிறார்கள். இஸ்ரேல், ஜோர்டான் எல்லையிலுள்ள அரவா பள்ளத்தாக்கின் மணலில் செர்பாலஸ் அரவேன்சிஸ் என்றொரு சிலந்தி வளை தோண்டி, மணல்துகளை நூலால் ஒட்டிக் கதவு செய்து மூடிக்கொள்கிறது. கால்விரிப்பு 14 சென்டிமீட்டர். ஸ்பாரியோலெனஸ் பேரினம் ஓமான், ஈரான் குகைகளிலிருந்து இந்தியா வரை தொடர்கிறது. வடக்கே குளிர்நாட்டுப் புல்வெளிகளில், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் வடபகுதி வரை, இலையின் நிறத்திலேயே இருக்கும் மைக்ரோமேட்டா விரெசென்ஸ் உண்டு. குளிர் கூடக் கூட இந்தக் குடும்பத்தின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவிடும்.

தெற்கிலும் கிழக்கிலும் மீண்டும் வளம். பாண்டெர்செட்டீஸ் வகையினர் இந்தியா, இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியா வரை மரப்பட்டையில் வாழ்பவர்கள். பட்டையில் படர்ந்த பாசிப்பூஞ்சையின் வண்ணமும் கால்களில் மயிர் விளிம்பும் சேர்ந்து, கண்ணெதிரே இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. தெல்க்டிகோபிஸ் தெற்காசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை நீள்கிறது. நம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்றே மார்டென்சோபோடா என்ற பேரினம் இருக்கிறது. யேகர் 2006இல் அதை நிறுவினார். ஹெட்டரோபோடா நீலகிரினாவுக்குப் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. 1901இல் அதை விவரித்தவர் ரெஜினால்ட் போக்காக்.

நம்மவர் அறிய வேண்டிய இன்னொரு பெயர் கிரேவ்லி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். இந்திய வேட்டைச் சிலந்திகளை மற்றச் சில குடும்பங்களோடு சேர்த்து 1931இலேயே ஆராய்ந்து எழுதினார். அதற்குப் பிறகு இந்திய விலங்கியல் அளவைத் துறையின் டிக்கேதர் 1988இல் சேத்தியுடன் சேர்ந்து எழுதியது முக்கியமானது. இடைவெளியைப் பாருங்கள், ஐம்பத்தேழு ஆண்டுகள். தென்னிந்தியக் கிழக்குக் கரைச் சமவெளி இன்னும் சரியாகத் தேடப்படாத இடம் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லோரும் மலைக்குத்தான் போகிறார்கள்.

ஏழாம் படி: பெயரை எங்கே நிறுத்துவது

வெனட்டோரியாவின் வளர்ந்த பெண்ணை மீசைப் பட்டையையும் முட்டைத் தட்டையும் வைத்துத் துணிந்து சொல்லலாம். மற்றவற்றில் நிதானம் வேண்டும். வேட்டைச் சிலந்திகளில் சிற்றினத்தை முடிவு செய்வது நிறத்தால் இயலாது. ஆணின் உணர்கால் நுனியின் உள்ளமைப்பையும், பெண்ணின் அடிவயிற்றில் உள்ள இனப்பெருக்கத் தகட்டையும் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். வளராத குஞ்சுக்கு இந்த இரண்டுமே இராது. ஓலியோஸ் பேரினமே நீண்ட காலம் பொருந்தாதவற்றையெல்லாம் போட்டுக் கட்டிய மூட்டையாக இருந்தது. அறிஞர்கள் இன்னும் அதைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே படத்தைப் பார்த்து 'ஓலியோஸ்' என்று எழுதி அங்கே நிறுத்துவது அறியாமை ஆகாது, அதுதான் சரியான விடை. தெரிந்தவர் போலப் பின்னால் ஒரு பெயரை ஒட்டினால் பரவல் வரைபடத்தில் தவறான புள்ளி விழும். அதை அழிப்பது வைப்பதைவிடக் கடினம்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றுங்கள். இப்போதைய பெயர் எது என்று பார்க்க, சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தானாகச் செத்தது கிடைத்தால் வீணாக்காதீர்கள். கால்கள் உள்நோக்கி மடங்கிச் சுருண்டிருக்கும். உடல்நீரின் அழுத்தத்தால்தான் சிலந்தி காலை நீட்டுகிறது, அந்த அழுத்தம் போனபின் மடக்கும் தசைகள் மட்டுமே மிஞ்சுகின்றன. மூடி இறுகிய சிறு கண்ணாடிக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, விலங்கியல் துறை இருக்கும் கல்லூரியில் கொடுங்கள். குப்பிக்கு வெளியே ஒட்டும் சீட்டு உரிந்துவிடும். சிறு காகிதத்தில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடவேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். என் அலமாரியில் இருக்கும் முதல் குப்பியின் சீட்டில் இப்படி இருக்கிறது: 'மஞ்சக்குப்பம், கடலூர். சமையலறை, கிழக்குச் சுவர், காலண்டருக்குக் கீழே தரையில். வளர்ந்த பெண். முட்டைப்பை இல்லை. குஞ்சுகள் கலைந்து பதினொரு நாள்.'